விளிம்பு வேகம்

டெல்டாவில் குறுவை அறுவடை புரட்டாசி, ஐப்பசியில் நடக்கும். சம்பா அறுவடை தையில் தொடங்கி மாசி வரை இழுக்கும். இந்த இரண்டு பருவங்களிலும் தஞ்சாவூரிலிருந்து பாபநாசம், திருவையாறு, ஒரத்தநாடு என்று எந்தப் பக்கம் போனாலும் சாலையின் ஒரு பாதியில் நெல் காய்ந்துகொண்டிருக்கும். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் கூடுதல் என்று சொல்லிவிடக் கூடாதே என்ற கவலை விவசாயிக்கு. வண்டிகள் மறுபாதியில் ஊர்ந்து போகும். வயலில் அறுவடை இயந்திரம் கிளப்பும் தூசி, சாலையில் டயர் மிதித்துக் கிளம்பும் வைக்கோல் தூள், அரிசி ஆலைப் புகைபோக்கியிலிருந்து வரும் உமிச்சாம்பல் எல்லாம் கார்களின் மேல் படிகின்றன. மறுநாள் காலை காய்ந்த துணியால் ஒரு துடைப்பு. காரின் பளபளப்பு குறையத் தொடங்குவது அந்தத் துடைப்பில்தான்.

நெற்பயிர் மண்ணிலிருந்து சிலிக்காவை நிறைய உறிஞ்சும் செடி. தண்ணீரில் கரைந்த நிலையில் வேர் வழியாக ஏறும் சிலிக்கா, இலையிலும் உமியிலும் கண்ணாடி போன்ற திடப்பொருளாகப் படிகிறது. களத்தில் வேலை செய்தவர்களின் கழுத்தில் அரிப்பைக் கிளப்பும் சுணை, உமியின் மேலுள்ள சிலிக்கா ஏறிய நுண்ணிய முட்கள். உமியை எரித்தால் அதன் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாக நிற்கும். அந்தச் சாம்பலில் 85 முதல் 95 சதவீதம் சிலிக்கா. மோஸ் கடினத்தன்மை அளவையில் பயிரின் சிலிக்கா 5.5-க்கும் 6.5-க்கும் இடையில் வரும். கூடவே வரும் வயல் மண்ணின் குவார்ட்ஸ் மணல் 7. கண்ணாடியையே கீறக்கூடிய பொருள் அது. காரின் மேற்பூச்சு ஒரு பிளாஸ்டிக் படலம். இவற்றின் முன் அது நிற்காது.

இப்படி விழுந்த கீறல்களைச் சாயங்கால வெயிலிலோ தெருவிளக்கின் கீழோ பார்த்தால் விளக்கின் பிம்பத்தைச் சுற்றிச் சிலந்தி வலை பின்னியது போலத் தெரியும். வட்டமாகத் துடைத்ததால்தான் வட்டக் கீறல் விழுந்தது என்று பலர் நினைக்கிறார்கள். நேர்க்கோட்டில் துடைத்தாலும் இந்த வலை தெரியும். கீறல்கள் எல்லாத் திசையிலும் கிடக்கின்றன. விளக்கின் ஒளியை நம் கண்ணுக்குத் திருப்பும் கோணத்தில் இருப்பவை மட்டுமே மின்னுகின்றன. அந்தக் கோணம் விளக்கைச் சுற்றி வட்டமாக அமைவதால் வலையும் வட்டமாகத் தெரிகிறது. நீங்கள் நகர்ந்தால் அதுவும் கூடவே நகரும். கறுப்பு, கருநீலக் கார்களில் இது அப்பட்டமாகத் தெரியும். வெள்ளைக் காரிலும் அதே அளவு கீறல் உண்டு. அடியிலுள்ள வெள்ளை நிறம் திருப்பி அனுப்பும் ஒளியில் அது மறைந்துவிடுகிறது.

இந்தக் கட்டத்தில்தான் பாலிஷிங் மெஷின் என்ற பேச்சு வருகிறது. தஞ்சாவூரிலும் கும்பகோணத்திலும் வாட்டர் வாஷ் கடைகள் ஒவ்வொன்றாக ‘டீட்டெய்லிங்’ என்று பலகை மாற்றிக்கொண்டிருக்கின்றன. டிங்கரிங் ஷெட்டில் பெயிண்டருக்குத் துணையாக நின்ற பையன்கள் சொந்தமாக மெஷின் வாங்குகிறார்கள். காரை நேசிக்கும் சில வீட்டுக்காரர்களும் வாங்குகிறார்கள். பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் இருப்பது வாட். விற்பவர் அழுத்திச் சொல்வது ஆர்.பி.எம். மெஷினின் தகுதியை இந்த இரண்டு எண்களை வைத்து எடை போட முடியாது. அதற்கான காரணம் எளிய இயற்பியல். அதைப் புரிந்துகொண்டவர் தவறான மெஷினை வாங்க மாட்டார்.

முதலில், மெஷின் எதன் மேல் ஓடப்போகிறது என்று பார்ப்போம். இன்றைய காரின் தகட்டில் துருத்தடுப்புப் பூச்சு, பிரைமர், நிறம், அதற்கு மேல் நிறமில்லாத கிளியர் கோட் என்று அடுக்கடுக்காகப் பூச்சுகள் உண்டு. எல்லாம் சேர்ந்தே பொதுவாக 100 முதல் 150 மைக்ரான்தான். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நாம் பாலிஷ் போடும் கிளியர் கோட் மட்டும் 35 முதல் 50 மைக்ரான். நம் தலைமுடி ஒன்றின் தடிமன் அதைவிடக் கூடுதல். அம்பாசடர், பத்மினி காலத்து வண்டிகளில் நிறமும் பளபளப்பும் ஒரே பூச்சில் இருந்தன. அவற்றைத் தேய்த்தால் துணியில் நிறம் ஏறும், எவ்வளவு கழிகிறது என்பது கண்ணுக்குத் தெரியும். கிளியர் கோட் கழிவது தெரியாது. அது தீர்ந்து நிறம் வெளியே வந்த பிறகுதான் தெரியும். அதன்பின் பெயிண்ட் அடிப்பதைத் தவிர வழி கிடையாது.

வெயிலின் புற ஊதாக் கதிரைத் தாங்கும் வேதிப்பொருள்களும் இந்தக் கிளியர் கோட்டில்தான் கலந்திருக்கின்றன. காரின் வாழ்நாள் முழுவதற்குமாகச் சேர்த்து 8 மைக்ரானுக்கு மேல் எடுக்கக் கூடாது என்பது பெயிண்ட் தொழிலில் பொதுவாகச் சொல்லப்படும் எல்லை. வெட்டும் துகள்கள் கலந்த கடுமையான காம்பவுண்டை ஒரு முறை முழுதாக ஓட்டினால் சில மைக்ரான் போகும். தீபாவளிக்கு ஒன்று, பொங்கலுக்கு ஒன்று என்று ரப்பிங் பாலிஷ் போட்ட வண்டிகளின் மேற்கூரை ஏழெட்டு வருடத்தில் தோலுரிந்து வெள்ளைத் திட்டாகப் போவதை நம் ஊர்களில் நிறையப் பார்க்கலாம். வெயிலும் காரணம்தான். அந்த வெயிலைத் தடுக்க இருந்ததைத் தேய்த்தெடுத்ததும் காரணம்.

பாலிஷ் போடும்போது மேற்பரப்பில் என்ன நடக்கிறது என்ற கேள்வி அறிவியலில் நெடுநாள் விவாதிக்கப்பட்டது. நியூட்டன் 1704-ல் வெளியிட்ட ஒளியியல் நூலில் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். பாலிஷ் போட்ட கண்ணாடியிலும் கீறல் இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நுண்ணியதாகிவிட்டது, அவ்வளவுதான் என்பது அவருடைய முடிவு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜார்ஜ் பெய்ல்பி வேறொரு கருத்தைச் சொன்னார்: தேய்க்கும்போது மேற்பரப்பு குழம்பு போல ஓடிப் பள்ளங்களை நிரப்புகிறது. 1937-ல் கேம்பிரிட்ஜில் பௌடனும் ஹியூஸும் செய்த சோதனைகள் இதற்கு வலு சேர்த்தன. அவர்கள் எடுத்த பொருள்களில் ஒன்று நம் பூஜை அறைக் கற்பூரம். வுட் உலோகம் என்ற கலவை சுமார் 70 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். கற்பூரம் உருக 175-க்கு மேல் வேண்டும். அவ்வளவு மென்மையான கற்பூரம் அந்த உலோகத்துக்குப் பாலிஷ் போட்டது. அதைவிட உயர்ந்த வெப்பத்தில் உருகும் ஈயத்திலும் வெள்ளீயத்திலும் அதன் ஜம்பம் பலிக்கவில்லை. பிற்பாடு ஆஸ்திரேலிய உலோகவியலாளர் லியோனார்ட் சாமுவேல்ஸ், உலோகத்துக்கு வழக்கமாகப் பாலிஷ் போடும்போது நடப்பது மிக நுண்ணிய வெட்டுதான், குழம்பு ஓடி நிரப்புவது கிடையாது என்று நுண்ணோக்கியில் காட்டினார். நியூட்டன் சொன்னதற்கே திரும்பி வந்தாயிற்று.

கார் பெயிண்டுக்கு இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியவை இரண்டு. கீறலை ‘நிரப்பி’ சரிசெய்ய முடியாது. கீறலின் அடிமட்டம் வரை சுற்றியுள்ள பரப்பை இறக்க வேண்டும். ஒளியின் அலைநீளம் 400 முதல் 700 நானோமீட்டர், அதாவது அரை மைக்ரான் அளவு. மிஞ்சும் கீறல்கள் அதைவிடச் சிறியதாகிவிட்டால் கண்ணுக்குக் கண்ணாடி போலத் தெரியும். இன்னொன்று வெப்பம். கிளியர் கோட் உருகாது, ஆனால் சூடேறினால் இளகும். இளகிய நிலையில் தேய்த்தால் வெட்டு சீராக விழாது. பரப்பு இழுபட்டு, சுருங்கி, புகைமூட்டமாகிவிடும்.

வெட்டு, வெப்பம் இரண்டுமே மெஷினில் மாட்டிய பேட் எவ்வளவு வேகமாகப் பரப்பின் மேல் ஓடுகிறது என்பதைப் பொறுத்தவை. அந்த வேகத்தை ஆர்.பி.எம். மட்டும் சொல்லிவிடாது. ஒரு நிமிடத்தில் எத்தனை சுற்று என்பதோடு பேட்டின் விட்டத்தையும் சேர்த்தால்தான் விளிம்பு வேகம் கிடைக்கும். 150 மில்லிமீட்டர் பேட் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 47 சென்டிமீட்டர் ஓடுகிறது. நிமிடத்துக்கு 1,000 சுற்றில் அதன் விளிம்பு வினாடிக்கு 7.9 மீட்டர் போகும். 3,000 சுற்றில் 23.6 மீட்டர். 75 மில்லிமீட்டர் சின்னப் பேட்டை 2,000 சுற்றில் ஓட்டினாலும் விளிம்பு வேகம் அதே 7.9தான். ‘ரெண்டாயிரத்துல ஓட்டுறேன்’ என்று ஒருவர் சொன்னால், எந்தப் பேட்டில் என்று கேட்காமல் அதற்கு அர்த்தமே இல்லை.

டெல்டாவின் அரிசி ஆலைக்காரர்களுக்கு இந்தக் கணக்கு பரம்பரைச் சொத்து. பழைய ஆலைகளில் தவிடு நீக்கும் கோன் பாலிஷரின் கூம்பில் எமெரி பூசியிருப்பார்கள். எமெரியின் முக்கியப் பொருள் அலுமினியம் ஆக்சைடு. கார் காம்பவுண்டில் வெட்டும் துகளும் பெரும்பாலும் அதே அலுமினியம் ஆக்சைடுதான். கூம்பின் விளிம்பு வினாடிக்கு சுமார் 13 மீட்டர் வேகத்தில் ஓட வேண்டும் என்பது அரிசி அரைவைத் தொழில்நுட்பத்தில் நிலைத்த விதி. 50 சென்டிமீட்டர் கூம்பு என்றால் நிமிடத்துக்கு 500 சுற்று. 80 சென்டிமீட்டர் என்றால் 310 போதும். பெரிய கூம்பு வாங்கிவிட்டுப் பழைய புல்லியையே மாட்டினால் வேகம் எகிறும், அரிசி சூடேறி உடையும், குருணை கூடும், வியாபாரம் படுத்துவிடும். தஞ்சாவூர் புதுக்கோட்டை சாலையில் இன்று தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனமாக வளர்ந்து நிற்கும் ஆராய்ச்சி நிலையம், 1967-ல் ஒரு நவீன அரிசி ஆலையின் தரக் கட்டுப்பாட்டு ஆய்வகமாகத் தொடங்கி, பிறகு நெல் பதப்படுத்தும் ஆய்வு மையம் ஆனது. அரிசியை எவ்வளவு தீட்டலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்ற கேள்விக்கு இந்த மண்ணில் அவ்வளவு மதிப்பு இருந்திருக்கிறது.

அரிசி உவமை இன்னொரு விதத்திலும் பொருந்தும். 1890-களில் ஜாவாவில் கிறிஸ்டியான் எய்க்மான், தீட்டிய வெள்ளை அரிசி மட்டும் தின்ற கோழிகளுக்கு பெரிபெரி போன்ற நோய் வருவதைக் கண்டார். தீட்டாத அரிசியைக் கொடுத்ததும் அவை தேறின. 1929-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. தேய்த்து எறிந்த மெல்லிய மேல்தோலில்தான் காக்கும் சத்து இருந்தது. கிளியர் கோட்டின் நிலையும் அதுதான்.

இனி வெப்பத்தை எண்ணில் பார்ப்போம், ஏனென்றால் பயம் எண்ணில்தான் தெளியும். மெஷினின் எடையோடு சேர்த்து மூன்று கிலோ அழுத்தம் பேட்டில் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். உராய்வு அதில் பாதி விசையைத் தரும் என்று எடுத்துக்கொண்டால் 15 நியூட்டன். வட்டத் தட்டின் நடுவில் வேகம் சுழி, விளிம்பில் உச்சம். சராசரியாக விளிம்பு வேகத்தில் மூன்றில் இரண்டு பங்கு. 150 மில்லிமீட்டர் பேட் 1,000 சுற்றில் ஓடும்போது ஏறத்தாழ 78 வாட் வெப்பம் பிறக்கிறது. 3,000 சுற்றில் 235 வாட். மெஷினை நகர்த்தாமல் ஐந்து வினாடி ஒரே இடத்தில் வைத்தால் என்ன ஆகும்? கார் தகடு 0.7 மில்லிமீட்டர் எஃகு. பேட் அளவுக்கு அதன் எடை நூறு கிராம்கூட இல்லை. வெப்பம் முழுதும் தகட்டுக்கே போவதாகக் கொண்டால் 1,000 சுற்றில் 9 டிகிரி ஏறும், 3,000 சுற்றில் 26 டிகிரி. இது பேட் தட்டையாகப் படிந்திருக்கும்போது. கை சாய்ந்து பேட்டின் கால் பங்கு மட்டும் தொட்டால் அதே வெப்பம் கால் பங்கு இடத்தில் குவியும். ஏற்றம் நான்கு மடங்கு. 3,000 சுற்றில் நூறு டிகிரிக்கு மேல்.

பேட்டும் காற்றும் கொஞ்சம் வெப்பத்தை எடுத்துக்கொள்ளும், அதனால் உண்மையில் இதைவிடக் குறைவாகவே ஏறும். ஆனால் சித்திரை வெயிலில் நின்ற கறுப்புக் காரின் பானட் ஏற்கெனவே 70 டிகிரியைத் தொட்டிருக்கும். நிழலில் நிறுத்தி, தண்ணீர் ஊற்றி, தகடு கைக்குச் சூடு தெரியாத அளவுக்கு ஆறிய பிறகே மெஷினை எடுக்க வேண்டும் என்பதற்கு இதுதான் காரணம். பம்பர் விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. அது பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக். எஃகு அதைவிட இருநூறு மடங்குக்கு மேல் நன்றாக வெப்பத்தைக் கடத்தும். பானட்டில் பிறந்த சூடு பக்கவாட்டில் பரவி ஓடிவிடும். பம்பரில் பிறந்த சூடு பிறந்த இடத்திலேயே நிற்கும். மெஷினால் பெயிண்ட் கருகிய வண்டிகளைப் பார்த்தால் பம்பரும் தகட்டின் மடிப்பு விளிம்புகளும்தான் அதிகம் அடிபட்டிருக்கும். மடிப்புகளில் பூச்சு இயல்பிலேயே மெலிவு. உலரும்போது பரப்பு இழுவிசை பெயிண்டை விளிம்பிலிருந்து இழுத்துக்கொள்கிறது. விவரமான பெயிண்டர்கள் அங்கே மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டுத்தான் மெஷினைத் தொடுவார்கள்.

நம் ஊரில் பரவலாக நடக்கும் ஒரு வேலையைப் பற்றி இங்கே சொல்லியே ஆக வேண்டும். வெல்டிங் பட்டறையில் கிடக்கும் நாலு இன்ச் ஆங்கிள் கிரைண்டரில் பேட்டை மாட்டிப் பாலிஷ் போடுவது. அந்த கிரைண்டர் நிமிடத்துக்கு 11,000 சுற்று ஓடும். 100 மில்லிமீட்டர் பேட்டின் விளிம்பு வினாடிக்கு 58 மீட்டர் வேகத்தில் பறக்கும், அரிசிக் கூம்புக்கு விதித்த வேகத்தைப் போல நான்கு மடங்கு. இது தெரிந்தவர்கள் மின்விசிறி ரெகுலேட்டர் மாதிரி ஒன்றை இணைத்து வேகத்தைக் குறைக்கிறார்கள். அங்கே வேறொரு சிக்கல் முளைக்கிறது.

கிரைண்டர், பாலிஷர் இரண்டிலும் இருப்பது பெரும்பாலும் கார்பன் பிரஷ் வைத்த யுனிவர்சல் மோட்டார்தான். மோட்டார் தன்னளவில் மிக வேகமாகச் சுற்றும். பல்சக்கரம்தான் வேகத்தைக் குறைத்து முறுக்குவிசையைக் கூட்டுகிறது. 500 வாட் இயந்திரத் திறன் 11,000 சுற்றில் கிடைத்தால் முறுக்குவிசை 0.43 நியூட்டன் மீட்டர். அதே 500 வாட் பல்சக்கரத்தால் 2,000 சுற்றுக்கு இறங்கினால் 2.4 நியூட்டன் மீட்டர். மேலே சொன்ன மூன்று கிலோ அழுத்தத்தில் 150 மில்லிமீட்டர் பேட்டைச் சுற்ற 0.75 நியூட்டன் மீட்டர் வேண்டும். ரெகுலேட்டரில் மின்னழுத்தத்தைக் குறைத்தால் கிரைண்டரின் முறுக்குவிசை இருந்ததைவிடவும் விழுந்துவிடும். அழுத்தினால் நிற்கும், தூக்கினால் பாயும். கூடவே மோட்டாரைக் குளிர்விக்கும் விசிறியும் அதே அச்சில் மெதுவாகச் சுற்றுவதால் காயில் சூடேறிக் கருகும். கிரைண்டர் இரும்பை அறுக்கப் பிறந்த கருவி. அந்த வேலையில் அது மிக நல்ல கருவி.

அதே கணக்கு இன்னொன்றையும் காட்டுகிறது. 1,000 சுற்றில் பாலிஷ் போட உண்மையில் செலவாகும் திறன் 78 வாட். பெட்டியில் போட்டிருக்கும் 1,200 அல்லது 1,400 வாட், மோட்டார் உச்ச வேகத்தில், முழுச் சுமையில் மின்சாரம் இழுக்கும் அளவு. பாலிஷ் போடுபவர் அந்த உச்சத்துக்குப் போகவே கூடாது. ஆகவே வாட்டைப் பார்த்து வாங்குவதில் பயனில்லை. மெஷினின் மிகக் குறைந்த வேகம் என்ன, அந்த வேகத்தில் அழுத்தினால் சுற்று குறையாமல் நிற்கிறதா என்பதே பார்க்க வேண்டியது. நல்ல மெஷினில் சுற்றை அளந்துகொண்டே இருக்கும் ஒரு சென்சாரும், குறைந்தால் உடனே மின்சாரத்தைக் கூட்டிவிடும் மின்னணுச் சுற்றும் இருக்கும். சாயங்காலம் ஆறு மணிக்கு மோட்டார் பம்புசெட்டெல்லாம் ஓடி மின்னழுத்தம் தள்ளாடும் கிராமத்துக் கடைக்கு இது ஆடம்பரம் கிடையாது, அத்தியாவசியம்.

மகிட்டா 9237 வரிசை 600-லிருந்து 3,200 சுற்று வரை போகும், டிவால்ட் டி.டபிள்யூ.பி. 849 மாடல் 600-லிருந்து 3,500 வரை. இரண்டுமே நாளெல்லாம் உழைக்கும் பட்டறை மெஷின்கள்; எடை மூன்று கிலோ அளவில் வரும். இவற்றின் தட்டு 180 மில்லிமீட்டர். 600 சுற்றில் அந்தத் தட்டின் விளிம்பு வினாடிக்கு 5.7 மீட்டர், காம்பவுண்டைப் பரப்பவும், கடைசி மென்மைக்கும் இது போதுமான நிதானம். குறைந்த வேகமே 1,000-க்கு மேல் என்று சொல்லும் மலிவு மெஷின்களை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

வேகம் எங்குமே ஆகாது என்பதில்லை. நாச்சியார்கோவிலில் குத்துவிளக்கு செய்யும் பட்டறைகளில் பஃபிங் சக்கரம் வேகமாகவே ஓடும். விளக்கின் அடிப்பாகம், தண்டு, எண்ணெய்த் தட்டு, உச்சியில் அன்னம் என்று தனித்தனியாக வார்த்து, கடைசலில் கடைந்து, பிறகு பாலிஷ் போடுகிறார்கள். அங்கே தேய்க்கப்படுவது மில்லிமீட்டர் கணக்கில் தடிமனுள்ள பித்தளை. சில மைக்ரான் போனால் போகட்டும். பித்தளை உருகத் தொள்ளாயிரம் டிகிரி அளவில் வேண்டும், வெப்பத்தை எஃகைவிட இரண்டு மடங்குக்குக் குறையாமல் கடத்தும். அந்த வேகம் அந்தப் பொருளுக்குச் சரி. விளக்குப் பட்டறையில் கை பழகிய ஒருவர் கார் வேலைக்கு வந்தால் அவர் முதலில் மாற்றிக்கொள்ள வேண்டியது வேகத்தைப் பற்றிய உணர்வைத்தான். பரப்பைப் பார்த்து அழுத்தத்தை மாற்றும் கைத்திறன் அவரிடம் ஏற்கெனவே இருக்கும். அது மற்றவர்களுக்கு வருவதற்கு நாளாகும்.

இதுவரை சொன்னது ரோட்டரி, அதாவது ஒரே அச்சில் சுற்றும் மெஷின். இன்னொரு வகை உண்டு, கடைகளில் டி.ஏ. என்பார்கள். இதில் பேட் சுற்றிக்கொண்டே சிறிய வட்டத்தில் அலையும். அந்த அலைவட்டம் மெஷினைப் பொறுத்து 8, 15, 21 மில்லிமீட்டர் என்று இருக்கும். 15 மில்லிமீட்டர் அலைவட்டம், நிமிடத்துக்கு 4,000 அலைவு என்றால் வேகம் வினாடிக்கு 3.1 மீட்டர். ரோட்டரியைவிடக் குறைவு. ஆனால் இந்த வேகம் பேட்டின் நடுவிலும் விளிம்பிலும் ஒன்றே. ரோட்டரியில் நடுப்பகுதி சும்மா நிற்க, விளிம்பு மட்டும் வெட்டும். பேட் விட்டுச் செல்லும் நுண்கீறல்கள் ஒரே சீராக வளைந்து, வெயிலில் வண்டி நகரும்போது பேய்நிழல் போல ஓடும் ஹாலோகிராமாகத் தெரியும். டி.ஏ.வில் ஒவ்வொரு துகளும் ஒவ்வொரு பாதையில் போவதால் அந்தச் சீர் உருவாகாது. அழுத்தம் கூடினாலோ விளிம்பில் மாட்டினாலோ பேட் சுற்றுவதை நிறுத்திவிட்டு அலைய மட்டும் செய்யும். பெயிண்ட் தப்பித்துக்கொள்ளும்.

எனவே சொந்தக் கார் ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ள நினைப்பவர் 15 மில்லிமீட்டர் டி.ஏ. வாங்கட்டும். ரோட்டரி அவருக்கு வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. அறுவடைத் தூசியின் மெல்லிய வலைக்கு அந்த டி.ஏ. தாராளம். கடை நடத்துபவருக்கு இரண்டும் வேண்டும். வாட்டர் பேப்பர் போட்டுத் தேய்த்த இடம், ரீபெயிண்ட் அடித்துச் சொரசொரப்பு நின்ற பேனல், வாய்க்கால் ஓரக் கருவேல முள் இழுத்த ஆழக் கீறல் ஆகியவற்றில் ரோட்டரியும் கம்பளிப் பேடும் பத்து நிமிடத்தில் முடிப்பதை டி.ஏ. ஒரு மணி நேரம் இழுக்கும். ரோட்டரியால் வெட்டி, டி.ஏ.யால் மெருகேற்றி முடிப்பதுதான் தேர்ந்தவர்களின் வழக்கம். கடைக்காரர் இந்த இரண்டோடு பெயிண்ட் தடிமன் காட்டும் கேஜ் ஒன்றையும் வாங்க வேண்டும். தகட்டின் மேல் வைத்தால் பூச்சுகளின் மொத்தத் தடிமனை மைக்ரானில் காட்டும். 80-க்குக் கீழே காட்டும் இடத்தில் காம்பவுண்டைத் தொடாமல் வாடிக்கையாளரிடம் சொல்லிவிடுவது நேர்மை. 200-க்கு மேல் காட்டினால் அங்கே முன்பே ரீபெயிண்ட் நடந்திருக்கக் கூடும். பிளாஸ்டிக் பம்பரில் இந்த கேஜ் வேலை செய்யாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

கடையில் ரோட்டரி வாங்கப் போகும்போது பழைய இரும்புக் கடையிலிருந்து கழித்துப்போட்ட ஒரு கார் கதவையோ பானட்டையோ கொண்டுபோக முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் வாங்கிய அன்றே வீட்டில் இந்தச் சோதனைகளைச் செய்துவிடலாம். டயலை ஒன்றில் வைத்து ஸ்விட்சை அழுத்துங்கள். மெஷின் மெதுவாகத் தொடங்கி வேகமெடுக்க வேண்டும்; கையை உதறிக்கொண்டு பாய்ந்தால் முதல் வினாடியிலேயே காம்பவுண்ட் சட்டையில் தெறிக்கும். பிறகு கொஞ்சம் காம்பவுண்ட் தடவி, அதே குறைந்த வேகத்தில் பேனலின் மேல் வைத்து, மூன்று நான்கு கிலோ அழுத்தம் கொடுங்கள். மோட்டாரின் சத்தம் ஒரு கணம் இறங்கி உடனே பழைய சுருதிக்கு வர வேண்டும். அடுத்து, மெஷினைக் கதவுக்குப் பிடிப்பதுபோலப் பக்கவாட்டில் ஐந்து நிமிடம் பிடித்துப் பாருங்கள். பானட்டின் மேல் மெஷினின் எடை உங்களுக்காக அழுத்தும். கதவில் அதே எடையை உங்கள் தோள் தாங்க வேண்டும். நாள் முழுதும் அதை வைத்துத்தான் வேலை.

அச்சின் முனை எம்14 மரையா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பேட்டைத் தாங்கும் பேக்கிங் பிளேட்டுகள் பெரும்பாலும் அந்த அளவில்தான் கிடைக்கின்றன. நாலு இன்ச் கிரைண்டரின் எம்10 மரை அதற்குப் பொருந்தாது. 75, 125, 150 மில்லிமீட்டரில் மூன்று பிளேட்டுகள் இருந்தால் கைப்பிடி ஓரம், தூண், பானட் எல்லாவற்றுக்கும் ஆகும். பிளேட்டை மாற்றும்போதெல்லாம் டயலையும் மாற்ற வேண்டும். ஒவ்வொரு பிளேட்டுக்கும் வினாடிக்கு 8 மீட்டர் கிடைக்கும் சுற்று எவ்வளவு என்று கணக்குப் போட்டு மெஷினின் உடம்பிலேயே மார்க்கரால் எழுதி வைத்துக்கொள்ளலாம்: 75-க்கு 2,000, 125-க்கு 1,200, 150-க்கு 1,000. கார்பன் பிரஷ் திருச்சியிலோ தஞ்சாவூரிலோ கிடைக்குமா என்று வாங்கும் முன்பே விசாரித்துவிடுங்கள். கம்பளிப் பேடின் நூல் மோட்டாரின் காற்றுத் துளைகளை அடைக்கும். வேலை முடிந்ததும் கம்ப்ரசர் காற்றால் ஊதிவிட்டு வைத்தால் பிரஷ் கூடுதல் நாள் உழைக்கும்.